ஓவியம் பழகும் குழந்தைக்கு எந்தப் பென்சில் வாங்கலாம்? எச்பி, 2பி, 4எச் என்பதெல்லாம் என்ன?

பன்னிரண்டு பென்சில் உள்ள செட் வேண்டாம். 2எச், எச்பி, 4பி மூன்றையும் சில்லறையாக வாங்குங்கள், ஆரம்பத்துக்கு அது தாராளம். பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், செட் வாங்கிய பிள்ளைகளும் இந்த மூன்றைத்தான் தேய்க்கிறார்கள்.

பென்சிலுக்குள் இருப்பது ஈயம் அல்ல, கிராஃபைட் என்ற கறுப்புக் கனிமமும் களிமண்ணும் சேர்ந்த குச்சி. களிமண் கூடினால் குச்சி கெட்டிப்படும், கோடு வெளிறி விழும். அது எச் வரிசை. கிராஃபைட் கூடினால் மெத்தென்று கறுப்பாக எழுதும். அது பி வரிசை. எண் ஏற ஏற அந்தந்தக் குணமும் ஏறும். எச்பி இரண்டுக்கும் நடுவில்.

இந்தக் கலவை பிறந்ததே ஒரு போரால்தான். அந்தக் காலத்தில் சுத்தமான கிராஃபைட் இங்கிலாந்தின் பாரோடேல் பகுதியில் கிடைத்தது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் சண்டை மூண்டதும் பிரான்சுக்கு வரத்து நின்றுபோனது. நிக்கோலா ஜாக் காந்தே என்பவர் கிராஃபைட் தூளைக் களிமண்ணோடு பிசைந்து, குச்சியாக்கிச் சூளையில் சுட்டார். 1795இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். எவ்வளவு களிமண் சேர்க்கிறோமோ அதற்கேற்பக் கறுப்பைக் கூட்டிக் குறைக்கலாம் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். இப்போதும் அடிப்படை முறை அதுவே. கிராஃபைட் நம் சிவகங்கைப் பக்கமும் கிடைக்கிறது.

கடையில் வாங்கும்போது பென்சிலின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பள்ளம் வெட்டிய இரண்டு மரப்பட்டைகளுக்கு நடுவே குச்சியை வைத்து ஒட்டித்தான் பென்சில் செய்கிறார்கள். பள்ளம் விலகியிருந்தால் குச்சி ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். அதைச் சீவினால் ஒரு புறம் மரம் முனைவரை ஏறிவரும், முனையும் பொட்டுப்பொட்டென்று உடையும். கறுப்பு வட்டம் நட்டநடுவில் இருப்பதாகப் பார்த்து எடுங்கள். நம் நாட்டுப் பென்சில்களுக்குக் காஷ்மீரின் புல்வாமா பக்கத்துப் பாப்லர் மரம் நிறைய வருகிறது. மென்மையான மரம், சீவச் சுகமாக இருக்கும்.

அப்புறம், 2எச்-ஐ அழுத்தவே கூடாது. தாளில் பள்ளம் விழுந்துவிடும், ரப்பர் போட்டாலும் தடம் போகாது. கலர் பென்சில் வேறு வகை. மெழுகோ எண்ணெயோ நிறப்பொடியோடு சேர்ந்தது, சூளையில் சுடுவதில்லை. 4பி கோட்டின் மேல் வெளிர்மஞ்சளைத் தேய்த்தால் அழுக்காகிவிடும். வண்ணம் தீட்டப்போகிற படத்துக்கு 2எச்-இல் லேசாக வரைந்துகொள்ளச் சொல்லுங்கள்.