அவசர வழிக் கதவுக்கு எந்த பேனிக் பார் வாங்கலாம்?
புதுச்சேரி நேரு வீதி மாதிரி நெரிசலான இடத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு வரும் சந்தேகம்தான் இது. பேனிக் பார் என்பது கதவின் உள்பக்கம் குறுக்கே, இடுப்பு உயரத்தில் இருக்கும் தண்டு. தள்ளினால் தாழ் விடுபட்டு, கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். புகைக்கு நடுவில், பின்னால் கூட்டம் நெருக்கும்போது யாராலும் தாழ்ப்பாளைத் தேடவோ கதவை உள்ளே இழுக்கவோ முடியாது, அதனால்தான் இந்த ஏற்பாடு. இரண்டு கையிலும் பையோடு வருகிறவர் இடுப்பாலேயே கதவைத் தள்ளுவாரே, அவ்வளவுதான். ஒற்றைக் கதவுக்குச் சாதாரண வகை போதும். இரட்டைக் கதவென்றால் மேலும் கீழும் கம்பி போய்ப் பூட்டும் வகை பாருங்கள். அப்புறம் நம்ம ஊர் உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காது, விலை கூடினாலும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வழக்கமான 304 ரகத்தை விடத் தாங்கும். பார் போட்டால் திருடன் வந்துவிடுவான் என்று சிலர் பகலிலேயே சங்கிலி மாட்டுகிறார்கள். அது தேவையே இல்லை; வெளிப்பக்கம் கதவு பூட்டியேதான் இருக்கும், உள்ளேயிருந்து தள்ளினால் மட்டும் திறக்கும்.