எல்லாவற்றையும் நானே செய்தால்தான் எளிய வாழ்க்கையா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. வயது 60. சென்னை போதும் என்று கணவரும் நானும் கும்பகோணத்துக்கும் திருவையாற்றுக்கும் நடுவே, காவிரிக் கரையோரம் இருக்கும் மாமனார் வீட்டுக்குத் தை மாதம் குடிவந்தோம். வீட்டுச் சமையல், கொல்லையில் நாலு செடி, நிம்மதியான பொழுது என்பது என் வெகுநாள் ஆசை. வந்ததும் தக்காளி நட்டேன், பூவெல்லாம் கொட்டிவிட்டது. மண் வெடித்துக் கிடக்கிறது. இட்லிப் பொடி முதல் வடகம் வரை எல்லாம் நானே செய்கிறேன், இடுப்பு விட்டுப் போகிறது. கணவர் 'இதுதான்டி வாழ்க்கை' என்று ரசித்துச் சாப்பிட்டுவிட்டு ஊஞ்சலுக்குப் போய்விடுகிறார். ஆற்றிலும் தண்ணீர் இல்லை. நான் ஆசைப்பட்ட சந்தோஷம் எல்லாம் வெறும் கற்பனைதானா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கற்பனை இல்லை. நீங்கள் ஆசைப்பட்டது அந்தக் கொல்லையிலேயே கிடைக்கும். ஆனால், அதற்கு இப்போது செய்வதில் பாதியை நீங்கள் விட்டாக வேண்டும்.

உங்கள் மாமியார் காலத்தில் அந்த வீட்டில் வடகம் போட்டார்கள் என்றால், கூழ் கிண்ட ஒருவர், பிழிய இரண்டு பேர், மொட்டை மாடியில் காக்கா ஓட்ட ஒரு பிள்ளை என்று ஒரு கூட்டமே இருந்திருக்கும். கொல்லை வேலைக்குத் தனியாக ஆள் வந்திருப்பார். அத்தனை பேர் வேலையையும் நீங்கள் ஒருவரே இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இடுப்பு வலிக்காமல் என்ன செய்யும்?

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். எளிய வாழ்க்கை, பாரம்பரியச் சமையல் என்று பேசுகிற பலர், அதற்கான உழைப்பு யார் தலையில் விழுகிறது என்று பார்ப்பதே இல்லை. ருசி இரண்டு பேருக்கு, வேலை ஒருத்திக்கு என்றால் அதில் சந்தோஷம் தங்காது. உங்கள் கணவர் மனம் வைத்துப் பாராட்டுகிறார், நல்ல விஷயம். நல்ல மனிதரிடம் வேலை சொல்வது சுலபம். ஜாடையாகப் பெருமூச்சு விடாதீர்கள், அது ஊஞ்சல் வரை கேட்காது. "ஏங்க, நாளையிலேருந்து செடிக்குத் தண்ணி ஊத்துறது, கீரை ஆயறது, முருங்கைக்காய் பறிக்கிறது மூணும் உங்க பொறுப்பு" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். 'கொஞ்சம் உதவி பண்ணுங்க' என்று கேட்க வேண்டாம். உதவி என்று வந்துவிட்டால் வேலை உங்களுடையதாகவே இருக்கும். முதல் பத்து நாள் கீரையோடு காம்பும் சேர்ந்து வரும். வாய் திறக்காமல் சமைத்துவிடுங்கள்.

சரி, கொல்லைக்கு வருவோம். தக்காளி பூவைக் கொட்டியதற்கு உங்கள் கைராசி காரணமில்லை, பருவம்தான். பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுக்கமாக இருந்தால் தக்காளிப் பூ பிஞ்சாகாமல் உதிர்ந்துவிடும். உங்கள் ஊர்ப் பங்குனி அப்படித்தான். படங்களில் வருகிற வசந்தத்தில் பனி உருகிப் புல் துளிர்க்கும். டெல்டாவில் வசந்தம் வரும்போது வயலும் ஆறும் காய்ந்துகொண்டிருக்கும். மேட்டூரில் வழக்கப்படி ஜனவரி 28-ஆம் தேதி அணையை மூடினால், மறுபடி திறப்பது ஜூன் 12. அதனால் மாசிக்கு மேல் ஆற்றில் மணல் தெரிவது உங்கள் ஊருக்குப் புதிதில்லை. ஆனால் அந்தக் காய்ச்சலிலும் விளைவது விளைகிறது. உங்கள் பக்கத்து வயலைப் பாருங்கள். சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நிற்கிற பயிருக்குள் உளுந்தையும் பச்சைப் பயறையும் தெளித்துவிடுவார்கள். அதற்கப்புறம் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலும் வளர்ந்து, பங்குனியில் அறுப்புக்கு வந்துவிடும். உங்கள் ஊரில் இப்போது புது உளுந்து கிடைக்கும். கடைக்குப் போகாமல் ஒரு விவசாயி வீட்டிலேயே கேட்டு வாங்குங்கள்.

கொல்லையிலும் வெயில் தாங்குவதை மட்டும் போடுங்கள். கொத்தவரை பத்து செடி, வெண்டை பத்து செடி, ஒரு பாத்தி அரைக்கீரை. இவ்வளவுதான். வெண்டையும் கொத்தவரையும் ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கிவிடும். கீரை விதை பொடியாக இருப்பதால் மணலோடு கலந்து தூவுங்கள். எறும்பு விதையை இழுக்காமல் இருக்கப் பாத்தி ஓரத்தில் கொஞ்சம் அரிசி நொய் போடுவது வழக்கம், எறும்பு அந்தப் பக்கம் போய்விடும். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் கிள்ளிக் கிள்ளி எடுத்தால் திரும்பத் திரும்பத் தழையும். மண் வெடிக்கிறது என்கிறீர்களே, களிமண் காய்ந்தால் வெடிக்கத்தான் செய்யும். வைக்கோலையோ வாழைச் சருகையோ செடியைச் சுற்றி நாலு விரல் கனத்துக்குப் பரப்பி, சாயங்காலம் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் நிறைய மிச்சமாகும். அரிசி கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்குப் போகட்டும். மற்ற காயெல்லாம் தெருவில் கூடை கொண்டு வருகிறவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் கொண்டு வருவதும் உங்கள் ஊர் மண்ணில் விளைந்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

இனி அடுப்படி. வருஷத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் செய்து பானையில் அடைக்கும் எண்ணத்தை விடுங்கள். இரண்டு பேர் வீடு. இந்த மாதம் மட்டும் கிடைக்கிற இரண்டே பொருளை எடுத்துக்கொள்ளுங்கள், மாவடுவும் வேப்பம்பூவும்.

வடு வாங்கும்போது காம்போடு, அடிபடாமல், உருண்டையாக இருப்பதாகப் பொறுக்குங்கள். கழுவி, ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெய் இரண்டு ஸ்பூன் விட்டுப் புரட்டுங்கள். ஒரு கிலோ வடுவுக்கு 150 முதல் 200 கிராம் வரை கல்லுப்பு. வேதாரண்யம் உப்பு உங்கள் பக்கம் கிடைக்குமே. மஞ்சள் தூள், அரைத்த கடுகு, மிளகாய்த் தூள் சேர்த்து ஜாடியில் போட்டு, தினமும் ஒரு தடவை குலுக்குங்கள். முதல் நாள் வடு கல் மாதிரி ஜாடியில் மோதிச் சத்தம் போடும். இரண்டு மூன்று நாளில் அடியில் தண்ணீர் கசிந்து ஊறத் தொடங்கும். நாம் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை, உப்பு இழுத்த தண்ணீர் அது. அப்புறம் தோல் மெல்லச் சுருங்கி, பச்சை நிறம் மங்கி, ஒரு நாள் மூடியைத் திறக்கும்போது வாசனை கூடத்துக்கு வந்துவிடும். பழைய சோற்றில் மோர் விட்டு, அந்த வடுவைக் கடிக்கும் முதல் காலையில் உங்களுக்கு வேறு சுகம் எதுவும் வேண்டியிருக்காது. குலுக்குகிற வேலையையும் ஐயாவிடமே கொடுங்கள்.

வேப்பம்பூவுக்கு உழைப்பே இல்லை. ராத்திரி மரத்தடியில் பழைய வேட்டி ஒன்றை விரித்து வையுங்கள். விடியும்போது பூ உதிர்ந்து கிடக்கும். கூட வரும் இலைத் துணுக்கையும் காம்பையும் பொறுக்கிவிட்டு, இரண்டு மூன்று நாள் மொறமொறவென்று காயவைத்து டப்பாவில் போட்டால் ஒரு வருஷம் இருக்கும். ரசத்துக்கு நெல்லிக்காய் அளவு புளி போதும். புளித்தண்ணீர் உப்போடு பச்சை வாசனை போகக் கொதித்த பின், கடுகு, மிளகாய் வற்றல், கொஞ்சம் துவரம் பருப்பு, பெருங்காயம் தாளித்துக் கொட்டி இறக்கிவிடுங்கள். பூவைத் தனியாக நெய்யில் கருஞ்சிவப்பாக வறுத்துக் கடைசியில் போட வேண்டும். ரசத்தோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் கசப்பு மொத்தமும் இறங்கிவிடும். ஒரு பிடி பூவைச் சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடிக்கு எடுத்து வையுங்கள்.

இந்த இரண்டும் தவிர, அன்றாடச் சமையலை ஒரு குழம்பு அல்லது ரசம், ஒரு காய், மோர் என்று குறைத்துவிடுங்கள். இட்லிப் பொடியைக் கடையில் வாங்கினால் ஒன்றும் குறைந்துவிடாது. சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் அடுப்படிக்கு விடுமுறை கொடுத்துவிட்டு, நீங்களும் கொஞ்ச நேரம் அந்த ஊஞ்சலில் உட்காருங்கள். காய்ந்த ஆற்றிலும் ஒரு நாள் இரண்டு பேருமாக இறங்கி நடந்து பாருங்கள். தண்ணீர் வந்துவிட்டால் ஆனிக்கு மேல் அந்த மணலில் கால் வைக்க முடியாது.

தக்காளி ஆசையை விட வேண்டாம், தள்ளிப் போடுங்கள். ஐப்பசிக் கடைசியில் மழை படாத இடத்தில் தொட்டியில் நாற்று விட்டு, அடைமழை ஓய்ந்ததும் மார்கழித் தொடக்கத்தில் மேட்டுப் பாத்தியில் நடுங்கள். மாசிக்குள் பழம் பறிப்பீர்கள். இப்போது நிற்கிற செடியைப் பிடுங்கி எருக்குழியில் போட்டுவிட்டு, அதே இடத்தில் நாளைக்கே கொத்தவரை விதையை ஊன்றிவிடலாம்.