நம்பாதவன் கையில் தேவாரம்: கேள்வி பதில்

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடவுள் நம்பிக்கை கல்லூரி நாளிலேயே போய்விட்டது. சமய நூல் படிக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. அதைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சார், எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை. எந்த நூலில் தொடங்கலாம்? (கல்லூரி மாணவி, மதுரை)

மணிமேகலையில் 27ஆவது காதையைப் படியம்மா. வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் ‘உன் கொள்கை என்ன’ என்று கேட்கிறாள். சைவவாதி, வைணவவாதி, ஆசீவகன், நிகண்டவாதி என்று வரிசையாக வந்து, கடைசியில், கடவுளை ஏற்காத பூதவாதி பேசுகிறான். அவன் நம் ஆள். தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் சேர்த்துப் போட்டால் கள்ளில் வெறி பிறப்பதுபோல, நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது, அவ்வளவுதான் என்கிறான். கண்ணால் கண்டதுதான் உண்மை என்றும் சொல்கிறான். மணிமேகலை சிரித்துக்கொண்டே, ‘உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்?’ என்று கேட்டுவிடுகிறாள். நமக்கே அடி விழும் இடத்தில் தொடங்குவது நல்லது.

தேவாரத்தை ஆசையாக எடுத்தேன். சம்பந்தர் பதிகத்துக்குப் பதிகம் சமணரையும் பௌத்தரையும் திட்டுகிறார். மூடி வைத்துவிட்டேன். (வங்கி ஊழியர், சேலம்)

மூட வேண்டாம். அந்தத் திட்டு எங்கே வருகிறது என்று பாருங்கள். சம்பந்தரின் பதிகத்துக்குப் பெரும்பாலும் ஒரு சட்டகம் உண்டு. எட்டாம் பாட்டில் இராவணன் மலைக்கடியில் நசுங்குவான். ஒன்பதில் திருமாலும் பிரமனும் அடிமுடி தேடித் தோற்பார்கள். பத்தில் சமணரும் பௌத்தரும். பதினொன்றில் தம் பெயரையும் ஊரையும் சொல்லி முடிப்பார். ஆக, ஏதோ கோபத்தில் வாய் தவறி வந்த வசவு அல்ல அது. பாட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் அரசன் ஆதரவும் மக்கள் ஆதரவும் யாருக்கு என்ற போட்டி நடந்துகொண்டிருந்தது. பிற்காலத்தார் நமக்குச் சொல்லாமல் விடுவதை இந்தப் பத்தாம் பாட்டு பச்சையாகச் சொல்கிறது. நான் அதைத் தாண்டிப் போவதே இல்லை.

எண்ணாயிரம் சமணரைக் கழுவேற்றிய கதையை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சம்பந்தர் பாடல்களில் அந்தக் கதை இல்லை. பல நூற்றாண்டு கழித்து நம்பியாண்டார் நம்பியும் சேக்கிழாரும் சொல்வது அது. நடந்ததா என்று இன்றும் வாதம் ஓடுகிறது. நடந்ததோ இல்லையோ, பெருமையாகச் சொல்லத்தக்க கதை என்று ஒரு காலம் நினைத்திருக்கிறதே, எனக்கு அதுதான் உறுத்தல்.

இன்னொன்று, சம்பந்தரோடு நிறுத்தாமல் அப்பரைப் படியுங்கள். சமணத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். சூலை நோயோடு திருவதிகையில் பாடியதாகச் சொல்லும் ‘கூற்றாயினவாறு விலக்ககிலீர்’ பதிகத்தில் ‘குடரோடு துடக்கி முடக்கியிட ஆற்றேன்’ என்று ஒரு இடம். வயிற்றுவலியில் சுருண்டு கிடந்தவர் எவருக்கும் அந்த வரி புரியும். அதற்குத் திருநீறு தேவையில்லை. அதன்பின் எதிர்க்கட்சியின் குரலுக்கு நீலகேசி என்ற சமணக் காப்பியம் இருக்கிறது. சமணப் பெண் ஒருத்தி ஊர் ஊராகப் போய்ப் பௌத்தர் முதலானோரை வாதில் மடக்குகிறாள். வசவில் யாரும் யாருக்கும் குறைந்தவர் இல்லை என்பது தெரிந்துவிடும்!

சித்தர் சிவவாக்கியர் நாத்திகர்தானே? ‘நட்ட கல்லும் பேசுமோ’ என்கிறாரே? (தஞ்சாவூர்)

அந்த அடியை முழுதாகச் சொல்லுங்கள் தம்பி: ‘நட்ட கல்லும் பேசுமோ நாதன் உள்ளிருக்கையில்’. கல்லில் இல்லை என்றவர், உள்ளே இருக்கிறான் என்று அதே மூச்சில் சொல்கிறார். பாதி வரியை வெட்டி மேடையில் பேசுவது நம் பக்கத்தாரின் பழைய வியாதி. இளவயதில் நானும் செய்திருக்கிறேன்.

உரையோடு படிப்பதா, மூலத்தை மட்டுமா? (திருச்சி)

மூலத்தை வாய்விட்டு இரண்டு முறை படித்துவிட்டு உரைக்குப் போங்கள். திருவாய்மொழியின் முதல் பதிகத்தில் ‘உளன் எனில் உளன்’ என்று ஒரு பாட்டு. அடுத்த அடி ‘உளன் அலன் எனில்’ என்று போகும். உண்டு என்றாலும் அவன்தான், இல்லை என்றாலும் அவன்தான் என்கிறார் நம்மாழ்வார். தனியாகப் படித்தபோது எனக்காகவே எழுதியதுபோல் இருந்தது. ஈடு என்னும் பழைய உரையைப் புரட்டினேன். எதுவுமே இல்லை என்னும் சூனியவாதியை மறுக்க வந்த பாட்டாம்! என்னைத் தட்டிக்கொடுப்பதாக நினைத்த பாட்டு என்னோடு சண்டைக்கு வந்திருக்கிறது. உரை இல்லாவிட்டால் இது தெரிந்தே இருக்காது.

குர்ஆனை முதலிலிருந்து படித்தேன், இரண்டாவது அத்தியாயத்திலேயே திணறிவிட்டேன். (சென்னை)

அந்த ஒன்றில் மட்டும் 286 வசனங்கள், திணறாமல் என்ன செய்யும்? 114 அத்தியாயங்களும் கால வரிசையில் இல்லை. ஏறக்குறைய நீளமானவை முன்னால், குட்டியானவை கடைசியில். கடைசியில் இருக்கும் சின்ன அத்தியாயங்கள் பெரும்பாலும் மக்காவில் தொடக்க காலத்தில் வந்தவை. அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். ஓதக் கேட்கவும் செய்யுங்கள்.

திருவாசகம் வாங்கியதும் அம்மா ‘பிள்ளை திருந்திட்டான்’ என்று ஊரெல்லாம் சொல்கிறார். (கோவை)

சொல்லட்டுமே. சாயங்காலம் இரண்டு பாட்டை அவரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், ராகத்தோடு படிப்பார்.

நம்பாமல் படித்து அழுதால் அது போலித்தனமா? (பெயர் வேண்டாம் என்றவர்)

கண்ணகியின் முலை மதுரையை எரித்தது என்று நம்பியா சிலப்பதிகாரத்துக்கு அழுகிறோம்?

நம்பிக்கை உள்ளவர்களிடம் சந்தேகம் கேட்டால் சண்டை வருகிறது. எப்படிக் கேட்பது? (பாளையங்கோட்டை)

உ.வே.சாமிநாதையர் கேட்டதுபோல. 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், ஐயர் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கேட்டுவிட்டு ‘இவற்றால் என்ன பிரயோஜனம்’ என்று சொல்லி, சீவக சிந்தாமணியைப் படிக்கத் தூண்டினார். சமண நூல், ஐயரோ சைவப் பற்றுள்ளவர். விளங்காத இடங்கள் ஏராளம். ஊரிலிருந்த சமணர்களைத் தேடிப் போனார். போன வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம். என்ன விசேஷம் என்று கேட்டால், சிந்தாமணி படித்துப் பூர்த்தி செய்த விழா என்றார்கள். தான் ஏட்டோடு முட்டி மோதிக்கொண்டிருந்த நூல் அங்கே வீட்டுக்குள் உயிரோடு புழங்கிக்கொண்டிருந்தது. அவர்களிடம் மாணவனாக உட்கார்ந்து கேட்டார். 1887இல் பதிப்பு வந்தது.

அவர் ‘இது உண்மையா’ என்று கேட்கவில்லை, ‘இதற்கு என்ன பொருள்’ என்றுதான் கேட்டார். நீங்களும் அப்படிக் கேட்டுப் பாருங்கள். முதலில் காபி வரும், பிறகு அவர் தாத்தா படித்த பழைய புத்தகம் பரணிலிருந்து இறங்கும்.