அமுக்காதீர்கள்! கையடக்க றோட்டரி மெஷின் பற்றிச் சில கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பற்றரியில் ஓடும் சின்ன றோட்டரி மெஷின் பற்றியவை. நுனியில் பிட், உருளை, டிஸ்க் என்று வேண்டியதைப் பூட்டிச் சுழலவிட்டுத் தேய்க்கவும் துளைக்கவும் பாவிப்பதுதான் அது. வயரை இழுத்துக்கொண்டு திரியாமல் முற்றத்து நிழலில் இருந்து வேலை செய்யலாம் என்று எல்லோரும் வாங்குகிறார்கள் போலிருக்கிறது. சரி, நல்ல விஷயம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன்.

கல்லடியிலிருந்து ஒரு தங்கச்சி: “சிரட்டையில் தோடு, பென்டன் செய்கிறேன். ஓரம் தேய்க்கும்போது புகை வந்து கறுத்துப் போகிறது. ஸ்பீடைக் கூட்ட வேண்டுமா?”

குறைக்க வேண்டும். புகை வருவதற்கு ஸ்பீடைத் தவிர இன்னும் இரண்டு காரணம் உண்டு. சாண்ட் பேப்பர் உருளை தேய்ந்து வழவழத்திருக்கும், இல்லாவிட்டால் நீங்கள் அமுக்குகிறீர்கள். பெரும்பாலும் இரண்டுமே. முதலில் சிரட்டையின் வெளிப்பக்கத்து நாரைக் கத்தியால் சுரண்டி எடுங்கள், உருளையை அடைப்பது அதுதான். வடிவத்தை டிஸ்க் போட்டு வெட்டப் பார்க்காதீர்கள், டிஸ்க் வளைந்த கோட்டில் போகாது. நூல் போன்ற அலகு பூட்டிய சின்னக் கைவாளால் கோட்டுக்கு ஒரு மில்லிமீற்றர் வெளியே அறுத்து, மிச்சத்தை 60 நம்பர் உருளையால் இறக்கி, 120இல் முடியுங்கள். நிமிடத்துக்கு 12,000, 15,000 சுற்றுக்கு மேல் தேவையில்லை. ஓரிடத்தில் நிற்காமல் ஓரம் நெடுக ஓடிக்கொண்டே இருங்கள். இடையிடையே துண்டை விரலால் தொட்டுப் பாருங்கள், சுட்டால் ஆறவிடுங்கள். அப்புறம் 400, 800 சாண்ட் பேப்பரைக் கையால் போட்டு, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவித் துணியால் அழுத்தித் தேய்த்தால் கறுப்பு மினுங்கும். சிரட்டைத் தூள் மிக நுணுக்கமானது, மாஸ்க் போடாமல் இதைச் செய்யாதீர்கள்.

காத்தான்குடியிலிருந்து: “விரலில் பட்டுவிடாமல் நூல் கையுறை போடலாமா?”

கூடாது. நூல் சுற்றினால் விரலையும் சேர்த்து இழுக்கும். துப்பட்டா நுனி, கழுத்துச் சங்கிலி, அவிழ்ந்த கூந்தல் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

சம்மாந்துறையிலிருந்து ஒரு தம்பி: “யூஎஸ்பியில் சார்ஜ் ஏற்றும் 3.7 வோல்ட் மெஷின் வாங்கினேன். 10 மில்லிமீற்றர் இரும்புக் கம்பியை வெட்டப் போனால் நின்று நின்று போகிறது. எவ்வளவு அமுக்கினாலும் வெட்டுகிறதில்லை. பழுதான மெஷினைத் தந்துவிட்டார்களா?”

மெஷின் பழுதில்லை தம்பி. இனித்தான் பழுதாகும்.

கணக்கைப் பாருங்கள். 3.7 வோல்ட் பற்றரி இரண்டு, மூன்று அம்பியர் கொடுத்தால் மொத்தம் 10 வாட் வரும். நீங்கள் மனதில் வைத்திருக்கும், இரும்பு வெட்டும் 4 அங்குல கிரைண்டர் ஏறக்குறைய 700 வாட். “பெட்டியில் 20,000 சுற்று என்று போட்டிருக்கிறதே, கிரைண்டர் 11,000 தானே” என்பீர்கள். இரும்பை வெட்டுவது சுற்றின் எண்ணிக்கையல்ல, டிஸ்க்கின் விளிம்பு ஓடும் வேகம். கிரைண்டரின் 100 மில்லிமீற்றர் டிஸ்க்கில் அந்த விளிம்பு வினாடிக்கு 60 மீற்றருக்குக் கிட்ட ஓடுகிறது. உங்களுடைய 22 மில்லிமீற்றர் டிஸ்க்கில், 20,000 சுற்றிலும், 23 மீற்றர்தான். சுற்று இரண்டு மடங்கு, வெட்டும் வேகம் பாதியும் இல்லை.

இதற்குமேல் நீங்கள் அமுக்குகிறீர்கள். அமுக்கினால் சுற்றுக் குறைகிறது, சுற்றுக் குறைந்தால் வெட்டாது, வெட்டவில்லையே என்று இன்னும் அமுக்குகிறீர்கள். மோட்டார் திணறி நிற்கும் அந்தக் கணத்தில்தான் ஆகக் கூடுதலான கரண்டை இழுக்கும், இழுத்ததெல்லாம் சூடாகப் போகும். உள்ளே கார்பன் பிரஷ் கருகும், சுருளின் வார்னிஷ் இளகும், பற்றரி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இணைப்பைத் துண்டிக்கும். நின்று நின்று போகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இது. இந்த மெஷினுக்கு அதன் சொந்தப் பாரமே போதும், உங்கள் தோள்பலம் வேண்டாம். காதை வைத்து வேலை செய்யுங்கள். சும்மா ஓடும்போது ஒரு சத்தம் இருக்கும். வேலையில் வைத்ததும் அது கொஞ்சம் இறங்கலாம், அழக் கூடாது. அழுதால் கையை எடுங்கள்.

விற்பவர்களையும் சொல்ல வேண்டும். பெட்டியில் தீப்பொறி பறக்கும் படத்தைப் போட்டு, இரும்பு, கல், மரம் எல்லாம் வெட்டும் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். கூடவே “100 துண்டு இலவசம்”. திறந்தால் பாதிக்கு மேல் மண்ணிற டிஸ்க், மிச்சம் ஒரு தரம் போட்டதும் மொட்டையாகும் கல்லு. நூறு துண்டுக்கு மயங்காமல் நல்ல வைர பிட் இரண்டு, கார்பைட் பிட் ஒன்று, உருளை ஒரு சோடி வாங்குங்கள். பெயர் பொறிக்கவும், ஒன்றிரண்டு மில்லிமீற்றர் துளை போடவும், ஓரம் மழுக்கவும், பொலிஷ் போடவும் இந்த மெஷின் தங்கமானது. 10 மில்லிமீற்றர் கம்பிக்கு ஹாக்சோ வாளை எடுங்கள். போட்டு வைத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் அறுத்துவிடலாம்.

ஏறாவூரிலிருந்து: “மெல்லிய தகடு வெட்டும்போது டிஸ்க் தெறித்துக் கன்னத்தில் பட்டது. மட்டமான டிஸ்க்கா?”

மேலே சொன்ன மண்ணிற டிஸ்க்தான். அது நேராகப் போனால் வெட்டும், ஒரு பாகை சரித்தாலும் உடையும். பைபர் வலை வைத்த டிஸ்க் என்று கேட்டு வாங்குங்கள், விலை கூட, ஆனால் இலகுவில் சிதறாது, பெரும்பாலும் தேய்ந்துதான் முடியும். வினாடிக்கு 23 மீற்றர் என்றேனே, மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல். கல்முனை வீதியில் பஸ் போகிற வேகத்தில் ஒரு கல் வருகிறது என்று வையுங்கள். கன்னத்தோடு போனது நல்ல காலம். பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தீர்களா என்று எழுதவில்லை, போட்டிருக்க மாட்டீர்கள். பேப்பர் வாசிக்கும் கண்ணாடி கணக்கில் வராது, பக்கமும் மூடிய கண்ணாடி வேண்டும். டிஸ்க் சுற்றுகிற நேர்கோட்டில் முகத்தை வைக்கவும் கூடாது.

ஊர் பெயர் இல்லாமல்: “மெஷின் ஆடுகிறது. என்ன செய்வது? உடன் பதில் தரவும்.”

எந்த மெஷின்? எந்த பிட்? எத்தனை சுற்றில்? ஒன்றையும் எழுதாமல் உடன் பதில் வேண்டுமாம். சரி, ஊகித்துச் சொல்கிறேன். பிட்டின் தண்டும் அதைப் பிடிக்கும் கொலெட்டும் பொருந்தவில்லை. தண்டுகள் 2.35, 3, 3.2 மில்லிமீற்றர் என்று பலவிதம், கண்ணுக்கு மூன்றும் ஒன்றுபோல் தெரியும். 3.2 கொலெட்டில் 3 மில்லிமீற்றர் தண்டை இறுக்கினால் பிடித்த மாதிரித்தான் இருக்கும், 20,000 சுற்றில் ஆடும். தண்டின் தடிப்பை அளக்கும் வேர்னியர் இல்லாவிட்டால் தண்டைக் கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்துக் கொலெட் வாங்குங்கள். தண்டை வேண்டிய அளவு உள்ளே தள்ளி, குறைந்த வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் ஆடினால் தண்டு வளைந்திருக்கிறது, எறிந்துவிடுங்கள். தட்டி நிமிர்த்த வேண்டாம்.

கொக்கட்டிச்சோலையிலிருந்து: “கூத்தில் தலையில் வைக்கும் முடியில் பதிக்கச் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டு வெட்ட வேண்டும். இந்த மெஷின் சரிவருமா?”

வெட்டுவதற்கு வேண்டாம். கண்ணாடிக் கடைக்காரர் வைத்திருக்கும் கட்டரால் கோடு கீறி ஒடிப்பதுதான் வேகம். ஒடித்த ஓரம் கையை வெட்டும், அதைத் தேய்க்க மெஷினை எடுங்கள். வைர பிட், குறைந்த சுற்று, கண்டிப்பாகத் தண்ணீர். ஒரு தட்டில் ஈரப் பஞ்சு வைத்து அதன்மேல் துண்டைப் பிடித்து, மெஷின் எப்போதும் தண்ணீருக்கு மேலே இருக்கிறபடி சரித்து வையுங்கள். கரண்ட் வயர் இல்லாதது இந்த வேலைக்குப் பெரிய ஆறுதல், என்றாலும் மோட்டாருக்குள் தண்ணீர் இறங்கினால் முடிந்தது. பின்பக்கத்து ரசம் உரியாமல் இருக்க முதலில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். உலரவிட்டுத் தேய்த்தால் தூள் மூச்சில் போகும், கண்ணாடியும் சூட்டில் வெடிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி, மறக்க வேண்டாம்.

திருக்கோவிலிலிருந்து: “கடற்கரையில் ஆமை ஓடு ஒன்று கிடைத்தது. மோதிரம் செய்ய எந்த பிட்?”

எந்த பிட்டும் இல்லை. கடலாமைகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. 1937இல் வந்த வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கரையில் சும்மா கிடந்தது என்பது சாட்டாகாது. அந்த மினுக்கம்தான் வேண்டுமென்றால் எருமைக் கொம்பு தேடிப் பாருங்கள். நம் பக்கத்தில் எருமைக்கா பஞ்சம்? கொம்பு கருகினால் நாற்றம் தாங்காது, அதனால் குறைந்த சுற்று. மறுகா பொலிஷ் போட்டுப் பாருங்கள், ஆமை ஓட்டைக் கேட்க மாட்டீர்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து: “பொங்கலுக்குப் பிறகு மெஷினை எடுக்கவில்லை. இப்போது சார்ஜ் ஏறுகிறதே இல்லை.”

முதலில் வயரை மாற்றிப் பாருங்கள். மலிவான மெஷின்கள் பல, இரண்டு முனையும் டைப் சி ஆன புது போன் வயரில் ஏறாது, ஒரு முனை பழைய தட்டை வாய் உள்ள வயரில் ஏறும். அதிலும் ஏறாவிட்டால் பற்றரி அடிமட்டத்துக்கு இறங்கிச் செத்திருக்கும். வேறு பற்றரியிலிருந்து வயர் தொடுத்து உயிர் கொடுக்கும் வீடியோக்களை நம்ப வேண்டாம், லித்தியம் தீப்பிடிக்கும். இனிமேல் பாதி சார்ஜில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுங்கள். தகரக் கூரை அறையிலும் மோட்டார்சைக்கிள் பெட்டியிலும் வைக்காதீர்கள். வேலை செய்து சூடான கையோடு சார்ஜ் போடவும் வேண்டாம்.

அறுகம்பையிலிருந்து: “சர்ஃபிங் பலகையில் உடைந்த இடத்தை உருளையால் தேய்க்கலாமா?”

சின்ன இடமென்றால் தேய்க்கலாம், ஆனால் ஒரு வினாடியில் பள்ளம் விழும். சாண்ட் பேப்பரை ஒரு மரக்கட்டையில் சுற்றிக் கையால் தேய்ப்பதே மேல். எப்படித் தேய்த்தாலும் பைபர் தூளுக்கு நல்ல மாஸ்க்கும் நீளக் கை சட்டையும் வேண்டும்.

வாழைச்சேனையிலிருந்து: “வீடு கடலோரம். பிட் எல்லாம் துருப் பிடிக்கிறது.”

தண்ணீர் வேலை முடிந்ததும் துடைத்து வெயிலில் காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு பூசி, இறுக மூடும் டப்பாவில் போடுங்கள். புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை எறியாமல் அதற்குள் போட்டு வையுங்கள். மரத்துக்குப் பாவிக்கும் பிட்டில் மட்டும் எண்ணெயைத் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள், இல்லாவிட்டால் மரத்தில் கறை பிடிக்கும்.