அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை இரத்தத்தையும் குறைக்குமா?

கேள்வி: எனக்கு வயது 56. மேலூர் அருகே வசிக்கிறேன். நெஞ்சு கரிப்புக்காக மூன்று ஆண்டுகளாகத் தினமும் காலையில் வெறும் வயிற்றில் பான்டோப்ரசோல் 40 மி.கி. சாப்பிடுகிறேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறேன். முழங்கால் வலி கூடும்போது மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிக்கொள்கிறேன். மாதவிடாய் நின்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அண்மையில் ஹீமோகுளோபின் 9.2 என்று வந்தது. கேஸ் மாத்திரைதான் இரத்தத்தைக் குறைக்கிறது என்கிறாள் மருமகள். நிறுத்திவிடலாமா?

பதில்: உங்கள் மருமகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 9.2-க்கு இறங்கியிருக்கும்போது, அந்தக் குறைவு முழுவதையும் ஒரு மாத்திரையின் தலையில் கட்டிவிட நான் தயங்குவேன்.

கீரை, பயறு, கேழ்வரகு, கம்பு ஆகியவற்றில் உள்ள இரும்பைக் குடல் எளிதில் ஏற்பதில்லை. இரைப்பையின் அமிலம்தான் அதைக் கரைத்து, முன்சிறுகுடல் உறிஞ்சக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவர உதவுகிறது. பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல், ரபிப்ரசோல் போன்ற மருந்துகள் அமிலச் சுரப்பைப் பெரிதும் அடக்குவதால், இந்த வகை இரும்பு உடலில் சேர்வது குறைகிறது. ஆட்டு ஈரல், சுவரொட்டி போன்றவற்றிலிருந்து கிடைக்கும் இரும்பு அமிலத்தை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை. ஆகவே பெரும்பாலும் மரக்கறி உணவு உண்பவர்களையே இந்தப் பாதிப்பு அதிகம் தொடும். இரும்பு அளவுக்கு மீறிச் சேரும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. அந்த நோயாளிகளிடமிருந்து அவ்வப்போது இரத்தம் எடுத்துவிடுவதே சிகிச்சை. அவர்கள் இம்மருந்தை உட்கொள்ளும்போது இரத்தம் எடுக்க வேண்டிய தேவை குறைகிறது என்பது, மருந்து இரும்பைத் தடுக்கிறது என்பதற்கு நல்ல சான்று. அதே நேரத்தில், அமிலம் மிகையாகச் சுரக்கும் அரிய நோய்க்காக இதே மருந்தைப் பல ஆண்டுகள் உயர்ந்த அளவில் எடுத்தவர்களை ஆராய்ந்தபோது இரும்புக் குறைபாடு காணப்படவில்லை. மருந்தின் விளைவு மெதுவானது. இரும்புக் கையிருப்பு ஏற்கெனவே மெலிந்திருப்பவர்களிடமே அது வெளிப்படுகிறது என்பது என் கருத்து.

பி12 வைட்டமினின் கதை சற்று வேறு. உணவின் புரதத்தோடு ஒட்டியிருக்கும் பி12-ஐப் பிரித்தெடுக்க அமிலம் வேண்டும். 2013-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றில், பி12 குறைபாடு உள்ளவர்களில் 12 விழுக்காட்டினர் இம்மருந்துகளை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எடுத்திருந்தனர். குறைபாடு இல்லாதவர்களில் அது 7.2 விழுக்காடு. உங்களுக்கு இங்கே இரட்டைச் சுமை இருக்கிறது, ஏனெனில் மெட்ஃபார்மினும் பி12-ஐக் குறைக்கும். கால் மரத்துப்போனால் அதைச் சர்க்கரையின் வேலை என்று விட்டுவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. பி12 குறைவாலும் அது வரும்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது மூட்டுவலி மாத்திரைதான். டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் ஆகியவை இரைப்பையிலும் குடலிலும் புண்ணை உண்டாக்கி, கண்ணுக்குத் தெரியாமல் மாதக்கணக்கில் இரத்தத்தைக் கசியவிடக்கூடியவை. கேஸ் மாத்திரை இரைப்பையையும் முன்சிறுகுடலையும் காக்கும். அதற்குக் கீழுள்ள குடலைக் காக்காது. மேலும், மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இரும்புக் குறைவு ஏற்பட்டால், இரத்தம் எங்கோ கசிகிறதா என்று தேடாமல் விடக்கூடாது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் வழியே இரைப்பை மேலேறும் ஹெர்னியா நெஞ்சு கரிப்பையும் தரும், இரத்தத்தையும் கசியவிடும். பெருங்குடல் புற்றுநோய் சில வேளை வலி எதுவுமின்றி இரத்தசோகையாக மட்டுமே முகம் காட்டும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, மாத்திரையைக் குற்றவாளியாக்கிவிட்டுத் தேடலை நிறுத்திவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆகவே முழு இரத்த எண்ணிக்கை, இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, கிரியாட்டினின் ஆகியவற்றைப் பாருங்கள். சர்க்கரையால் சிறுநீரகம் தளர்ந்தாலும் இரத்தம் குறையும் என்பதால்தான் கடைசிப் பரிசோதனை. இரும்பு குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுக்கும், பி12 குறைந்தால் பருக்கும். இரண்டும் சேர்ந்து குறைந்தால் சராசரி அளவு இயல்பாகத் தெரிந்து ஏமாற்றிவிடும். ஃபெரிட்டின் குறைவாக வந்தால் எண்டோஸ்கோப்பியும் பெருங்குடல் பரிசோதனையும் தேவைப்படும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் குடல்நோய்ப் பிரிவை நீங்கள் அணுகலாம்.

கேஸ் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். பல மாதங்கள் அடங்கிக் கிடந்த அமிலச் சுரப்பு, திடீரென்று விட்டால் முன்னைவிட வேகமாகப் பொங்கிக் கரிப்பு கூடும். உடனே மீண்டும் மாத்திரைக்கே ஓடுவீர்கள். எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயில் கடும் புண் இல்லையென்றால், 40-ஐ 20 ஆக்கி, பிறகு தேவைப்படும் நாளில் மட்டும் எடுப்பது என்று மருத்துவர் படிப்படியாக இறக்குவார். இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் விடுவதும், கட்டிலின் தலைப்பக்கக் கால்களை உயர்த்துவதும் அதற்குத் துணை. வலி மாத்திரையை மட்டும் இன்றே நிறுத்துங்கள். முழங்காலுக்கு மாற்று வழியை மருத்துவரிடம் கேளுங்கள்.

இரும்பு மாத்திரை கொடுக்கப்பட்டால், அதை எலுமிச்சைச் சாற்றோடு எடுத்துக்கொள்வது நல்லது. டீ, காபி, கால்சியம் மாத்திரை ஆகியவற்றுக்கு இடைவெளி வேண்டும். நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறவில்லையென்றால், அமிலக் குறைவால் மருந்து ஏறவில்லையா, கசிவு தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும். இரத்தக்குழாய் வழியாக இரும்பு செலுத்தவும் முடியும். இரும்பு மாத்திரையால் மலம் கருப்பாகப் போவது இயல்பு. ஆனால் தார்போல் பிசுபிசுத்து, கடும் நாற்றத்தோடு போனாலோ, கூடவே தலைசுற்றலும் படபடப்பும் வந்தாலோ, மறுநாள் வரை காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.