சிறுநீரகம் மாற்றியும் ரத்தம் ஏறவில்லையே, ஏன்?

கேள்வி: கணவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகிறது. கிரியாட்டினின் 1.2. ஆனால் ஹீமோகுளோபின் 9.4-ஐத் தாண்டவே இல்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரும்புச் சத்து மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா? ரத்தம் ஏற்றினால் சரியாகிவிடுமா?

பதில்: ரத்தம் ஏற்றுவதில் அவசரமே வேண்டாம். அடுத்தவர் ரத்தம் உள்ளே போகும்போது, அதிலுள்ள அணுக்களுக்கு எதிராக உடல் எதிர்ப்பொருள்களை உருவாக்கக்கூடும். அவை பொருத்திய சிறுநீரகத்தையே தாக்கலாம். பின்னாளில் இன்னொரு சிறுநீரகம் தேவைப்பட்டால் பொருத்தம் கிடைப்பதும் கடினமாகும். கடுமையான ரத்தப்போக்கு, நெஞ்சுவலி என்றால் வேறு வழியில்லை. அப்போது வெள்ளை அணுக்களை வடிகட்டிய ரத்தம் கேளுங்கள்.

புதுச் சிறுநீரகம், சிவப்பணுக்களை உருவாக்கத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து, ஹீமோகுளோபின் தேறுவதற்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். அந்தக் காலம் தாண்டிவிட்டது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் நன்றாக இருப்பதால், என் சந்தேகம் முதலில் மாத்திரைகள் மேல்தான் போகிறது.

ரத்தப் பரிசோதனை அறிக்கையை எடுத்து, ஹீமோகுளோபினோடு வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். அதுவும் 3,000-க்குக் கீழே வந்திருந்தால், ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையை ஏதோ ஒன்று அமுக்குகிறது என்று பொருள். உடல் சிறுநீரகத்தை நிராகரிக்காமல் தடுக்கும் மைக்கோஃபெனோலேட், அசத்தியோபிரின், தொற்றைத் தடுக்கும் வால்கான்சிக்ளோவிர், கோட்ரைமாக்சசோல் எல்லாமே அதைச் செய்யக்கூடியவை. அசத்தியோபிரினோடு யூரிக் அமிலத்துக்கான அல்லோபியூரினால் சேர்ந்தால் பெரிய ஆபத்து. ரத்த அழுத்தத்துக்கான எனலாப்ரில், லோசார்டன் வகை மாத்திரைகளும் ஹீமோகுளோபினைக் கொஞ்சம் இறக்கும்.

இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. ரத்தசோகையைச் சரிசெய்துவிடலாம், உடல் நிராகரித்த சிறுநீரகத்தை மீட்பது பெரும்பாடு. அளவைக் குறைப்பதும் மாற்றுவதும் மருத்துவர் கையில்தான் இருக்க வேண்டும்.

சரி, இரும்பு? ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), டிரான்ஸ்ஃபெரின் செறிவு (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது) இரண்டையும் பார்க்காமல் ஆரம்பிக்க வேண்டாம். உடலில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் கூடுதலாகவே காட்டும். அதனால் செறிவு 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்பதை நான் முக்கியமாகப் பார்ப்பேன். குறைவு உறுதியானால், ரத்தம் எங்காவது கசிகிறதா என்று தேட வேண்டும். வயிற்றுப்புண்ணும் குடல் கசிவும் சத்தமில்லாமல் இருக்கும். அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இரும்பு சரியாக உறிஞ்சப்படாது. அவர்களுக்கு நரம்பு வழியாக ஏற்றுவது பலன் தரும். கிருமித் தொற்று இருக்கும் நேரத்தில் மட்டும் அது கூடாது. கடைகளில் விற்கும் ரத்த விருத்தி டானிக்குகள் வேண்டவே வேண்டாம். அவற்றிலுள்ள மூலிகைகள் நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் ரத்த அளவைக் குழப்பிவிடலாம்.

ரெட்டிகுலோசைட் (புதிதாக உருவான சிவப்பணு) எண்ணிக்கையையும் கேட்டு வாங்குங்கள். அது மிகக் குறைவாக இருந்து, காரணமும் பிடிபடவில்லை என்றால், சிவப்பணு உற்பத்தியைத் தடுக்கும் பார்வோ வைரஸ் பி19-க்கான பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடும்) பரிசோதனை எடுக்க வேண்டும். நோய் எதிர்ப்பாற்றலைக் குறைத்து வைத்திருப்பவர்களிடம் இந்த வைரஸ் காய்ச்சல்கூட இல்லாமல் ஒளிந்திருக்கும். அது இருந்தால், எத்தனை எரித்ரோபொய்ட்டின் ஊசி போட்டாலும் ரத்தம் ஏறாது. இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்பொருள் மருந்து) கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும்.

எரித்ரோபொய்ட்டின் ஊசி, இரும்பைச் சரிசெய்த பிறகுதான். அப்போதும் ஹீமோகுளோபினை 13-க்கு மேல் தள்ளக் கூடாது. ரத்த அழுத்தமும் ரத்தம் உறையும் அபாயமும் கூடும்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மலம் தார்போல் கறுத்துப் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.