சுழல் விளக்கின் வயதைத் தகடு சொல்லும்

கேள்வி: ஐயா, நான் சம்மாந்துறையில் இருக்கிறேன். பழைய அம்புலன்ஸ், பொலிஸ் வாகன விளக்குகள் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். மட்டக்களப்பில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் சிவப்புக் கூட்டோடு ஒரு சுழல் விளக்கு பார்த்தேன். உலக யுத்தத்தில், ஹெர்மிஸ் கப்பல் மூழ்கின நேரம் ஓடின அம்புலன்ஸில் இருந்தது என்கிறார். நான் சந்தேகப்பட்டதும், கல் ஓயா அணை கட்ட வந்த அமெரிக்கர்களின் வண்டியில் இருந்தது என்று மாற்றிச் சொன்னார். அடியில் உள்ள தகட்டில் ‘பெடரல் சைன் அண்ட் சிக்னல் கோர்ப்பரேஷன், புளூ ஐலண்ட், இல்லினாய்ஸ் 60406’ என்றும் 12 வோல்ட் என்றும் இருக்கிறது. 85,000 ரூபா கேட்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: தம்பி, இரண்டு கதையுமே சரிவராது. விளக்கைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டிய தேவைகூட இல்லை. நீங்கள் எழுதியனுப்பிய அந்த ஒரு வரித் தகடே போதும்.

ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது 1942 ஏப்ரல் 9. பெடரல் கம்பனி ‘பீக்கன் ரே’ என்ற தன் சுழல் விளக்கை விற்பனைக்கு விட்டதே 1948இல்தான். அப்போதும் கம்பனிக்கு நீங்கள் தகட்டில் பார்த்த பெயர் இல்லை. ‘சைன் அண்ட் சிக்னல் கோர்ப்பரேஷன்’ என்ற பெயர் 1955இல் வந்தது, 1970களின் நடுப்பகுதியில் ‘சைன்’ கழன்று வெறும் ‘பெடரல் சிக்னல்’ ஆனது. ஆக, 1942 என்ற பேச்சுக்கே இடமில்லை. கல் ஓயா அணையை மொரிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி கட்டியது உண்மை. ஆனால் அந்த வேலை 1949இல் தொடங்கி 1950களின் தொடக்கத்தில் முடிந்துவிட்டது. இங்கினியாகலையில் அணை எழும்பி முடிந்த பிறகுதான் இந்தப் பெயரே பிறந்தது.

வோல்ட்டும் அதையேதான் சொல்கிறது. யுத்தக் காலத்து அமெரிக்கக் கார்கள் பெரும்பாலும் 6 வோல்ட் பெட்டரியில் ஓடின. 1950களின் நடுப்பகுதியில்தான் அவை 12 வோல்ட்டுக்கு மாறின.

இனி அந்த 60406. அது சீரியல் நம்பர் இல்லை, அமெரிக்கத் தபால் குறியீடு. ஐந்து இலக்கக் குறியீட்டை அவர்கள் நடைமுறைக்குக் கொண்டுவந்தது 1963 ஜூலை 1. உங்கள் தகடு அதற்கு முன்னால் அச்சாகியிருக்க முடியாது. பெயரையும் குறியீட்டையும் சேர்த்துப் பார்த்தால் விளக்கு 1963க்கும் 1970களின் நடுப்பகுதிக்கும் இடையில் வந்தது. சேகரிப்பில் வைக்க நல்ல காலம்தான், ஆனால் உங்களுக்குச் சொல்லப்பட்ட காலம் அது இல்லை.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் நிதானமாகப் பிடித்துக்கொள்ளுங்கள், பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். குறியீடு இருந்தால் 1963க்குப் பின் என்று சொல்லலாம். குறியீடு இல்லை என்றால் 1963க்கு முன் என்று சொல்லவே முடியாது. ஒரு தொழிற்சாலை தகடுகளை ஆயிரக்கணக்கில் அடித்து வைத்திருக்கும். தபால்காரர் புது விதி கொண்டுவந்தார் என்பதற்காக இருக்கிற தகட்டையெல்லாம் யாரும் குப்பையில் கொட்டுவதில்லை, தீரும்வரை அடிப்பார்கள். பெயர் மாறும்போதும் இதே கதைதான், பழைய பெயர்த் தகடு மிச்சம் இருந்தால் அதுவும் போகும். இன்னொன்றும் இருக்கிறது. கராஜில் இரண்டு உடைந்த விளக்கைச் சேர்த்து ஒன்றாக்கும்போது ஒன்றின் அடித்தட்டு மற்றதன் உடம்புக்குப் போய்விடும். அதனால் தகட்டைப் பிடித்திருக்கும் ஆணிகளைப் பாருங்கள். தொழிற்சாலை அடித்த ரிவெட் தலை உருண்டு வழவழப்பாக, சுற்றிலும் ஒரே பெயின்டோடு இருக்கும். திருகாணியோ, பளபளக்கும் புது அலுமினிய ரிவெட்டோ இருந்தால் அந்தத் தகடு பிறகு வந்து குடியேறியது. அப்படியானால் நான் மேலே சொன்ன கணக்கெல்லாம் தகட்டுக்கு மட்டும்தான், விளக்குக்கு இல்லை.

பேட்டன்ட் நம்பரை வைத்து வருடம் சொல்பவரை அப்படியே நம்ப வேண்டாம். அமெரிக்கப் பேட்டன்ட் 20 இலட்சத்தைத் தொட்டது 1935இல், 30 இலட்சத்தைத் தொட்டது 1961இல், 40 இலட்சத்தை 1976இல். தகட்டில் 2இல் தொடங்கும் ஏழு இலக்கம் இருந்தால் அந்தக் கண்டுபிடிப்பு 1935க்கும் 1961க்கும் இடையில் பதிவானது, அவ்வளவுதான். அதே நம்பரைப் போட்டு அவர்கள் பல வருடம் விற்றிருப்பார்கள்.

அடுத்தது துரு. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. கொழும்பிலிருந்து வரும் சேகரிப்பாளர்கள் பச்சை பிடித்த பித்தளையையும் வெள்ளைத் தூள் கக்கும் அலுமினியத்தையும் பார்த்து ‘அடேயப்பா, எவ்வளவு பழசு’ என்கிறார்கள். நமது உப்புக் காற்றில் அது பழமைக்குச் சாட்சி இல்லை. கல்லடிக் கரையில் ஒரு புது விளக்கைத் திறந்த தாழ்வாரத்தில் இரண்டு மாரிக்கு விட்டுப் பாருங்கள், ஐம்பது வருடம் போனது போல ஆகிவிடும். சில தரகர்கள் வேண்டுமென்றே உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டும் விற்கிறார்கள். ஹெர்மிஸ் பெயரைச் சொல்லி விற்பதுதான் எனக்கு ஆகவே ஆகாது. பித்தளையில் எது கிடைத்தாலும் ‘கப்பலில் இருந்து எடுத்தது’ என்கிறார்கள். அந்தக் கப்பலோடு 307 பேர் இறந்திருக்கிறார்கள். உண்மையிலேயே அங்கிருந்து எடுத்ததாக இருந்தால் அதை வாங்கவே கூடாது. பொய்யாக இருந்தால், செத்தவர்களைச் சொல்லி உங்களிடம் காசு பறிக்கிறார்கள். இரண்டு வழியிலும் அந்த வாசலை விட்டு இறங்கிவிடுங்கள்.

சிவப்புக் கூட்டை வைத்து வயது சொல்லாதீர்கள். உடைவது அதுதான், மாற்றப்படுவதும் அதுதான். கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று நகத்தால் தட்டிப் பாருங்கள், குளிர்ச்சியும் சத்தமும் காட்டிக்கொடுக்கும்.

ஐரோப்பிய விளக்கு கிடைத்தால் வட்டத்துக்குள் ‘ஈ’ எழுத்தும் நம்பரும் இருக்கிறதா பாருங்கள். எச்சரிக்கைச் சுழல் விளக்குகளுக்கான ஐ.நா. வாகன விதிகளில் 65ஆம் இலக்க விதி 1986இல் வந்தது, அந்த 65 முத்திரை இருக்கிற விளக்கு அதற்கு முன்னையது ஆகாது. ‘மேற்கு ஜெர்மனி’ என்று இருந்தால் 1949க்கும் 1990க்கும் இடையில்.

சைரன் வாங்கினால் அடிப்பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். திறக்க மறுத்தால் வாங்காதீர்கள். எலக்ட்ரோனிக் சைரனில் ஐசி எனப்படும் சின்னக் கறுப்புச் சில்லுகளின் முதுகில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் வருடம், அடுத்த இரண்டும் வாரம். என்னிடம் ஒருவர் 1965ஆம் ஆண்டு என்று சத்தியம் பண்ணிக் கொண்டுவந்த பெட்டியைத் திறந்தேன். பலகையின் ஓரத்தில் இருந்த ஐசியில் 8126 என்று இருந்தது, அதாவது 1981இன் 26ஆவது வாரம். எல்லா ஐசிக்களையும் பாருங்கள். பழுது பார்த்தபோது மாற்றியது ஒன்றிரண்டாக இருக்கும், மற்றதெல்லாம் ஒரே காலத்தைச் சொல்லும்.

இவ்வளவு துப்பறிய வேண்டியிருப்பதே நம்முடைய ஏல முறையால்தான். அரச திணைக்களம் ஒன்று அம்புலன்ஸைக் கழித்து ஏலம் விடும்போது, அது எந்த வருடம் வந்தது, எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடியது என்ற கோப்பு வண்டியோடு போவதில்லை. இரும்பு நிறைக்குப் போகிறது, விளக்கு ஒரு மூலையில் விழுகிறது, அங்கிருந்து தரகரின் கைக்கு வருகிறது. ஒரு தடவை ஏலத்தில் எடுத்த வண்டியின் ஓட்டப் புத்தகத்தைக் கேட்டு நான் மூன்று மாதம் அலைந்தேன். கடைசியில் ‘எரித்துவிட்டோம்’ என்றார்கள். ஒரு தாளைப் பத்திரமாக ஒப்படைக்க என்ன செலவு?

சரி, உங்கள் விளக்குக்கு வருவோம். 12 வோல்ட் பெட்டரி ஒன்றைக் கொண்டுபோய் மோட்டரைச் சுற்றவிட்டுப் பாருங்கள். திக்கித் திக்கிச் சுற்றினால் அந்தச் செலவையும் விலையிலிருந்து கழியுங்கள். 85,000இல் பாதி ஹெர்மிஸ் கதைக்கான விலை, அதைக் கொடுக்க வேண்டாம். 1963க்கும் 1970களின் நடுப்பகுதிக்கும் இடைப்பட்ட விளக்கு என்று வைத்துப் பேரம் பேசுங்கள், இறங்காவிட்டால் விட்டுவிடுங்கள். வாங்கினால் தகட்டைப் பித்தளைப் பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து கரைந்து போகும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். உங்கள் காரின் கூரையில் மாட்டி ரோட்டில் எரிய விடவும் வேண்டாம், பொலிஸ் மறித்தால் விளக்கும் போகும், கேஸும் வரும். இன்னொன்று: பணம் கொடுக்க முதல், தகட்டின் ரிவெட்களை நெருங்கி நின்று வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.